பால் இலை, பால் இல்லை

இந்த ஊரில் செடிகள், சரியான பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. குடம் குடமாக ஊற்றினாலும் தண்ணீர் மண்ணுக்குமேல் அப்படியே நிற்கும். பார்த்ததும் குத்துமதிப்பாகச் சொல்கிற பெயரையும் அவை காதில் வாங்குவதில்லை. இலையில் தொடங்கி, உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, படிப்படியாக வந்து சேர்ந்த பெயரைச் சொன்னால்தான் திரும்பிப் பார்க்கும். அதனால்தான் இவ்வளவு சின்ன ஊரின் பெண்கள் கல்லூரியில் இவ்வளவு பெரிய தாவரவியல் துறை இருக்கிறது. நான் அங்கே ஆசிரியை.

மாயவரம் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவள் நான். வந்த புதிதில் இந்த ஊர் வெயிலைத் திட்டாத நாள் கிடையாது. வெயிலைத் திட்டி முடித்ததும் பிள்ளைகளைத் திட்டுவேன். என் வாய் அப்படி. ஆனால் சொல்லித் தருவதில் குறை வைத்ததில்லை. 'இருவழித் திறவுகோல்' என்று பாடப்புத்தகம் ஏதோ பூட்டு திறக்கிற மாதிரி பயமுறுத்தும். விஷயம் எளிதுதான். செடியின் பெயர் கண்டுபிடிக்க எங்களிடம் அச்சடித்த தாள் ஒன்று உண்டு, அதில் ஒவ்வொரு எண்ணிலும் இரண்டே வழி. தனி இலையா, இரண்டுக்குப் போ. கூட்டிலையா, ஒன்பதுக்குப் போ. நடுவில் நின்று தலையைச் சொறியக் கூடாது. போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் ஒரு பெயர் நிற்கும். "தாளைப் பாக்கறதுக்கு முன்னாடி செடியைப் பாருங்கடி!" என்று கத்திக் கத்தியே என் தொண்டை போயிற்று.

அந்தத் தாளில் ஆறாம் எண்ணில் ஓர் அச்சுப்பிழை உண்டு. 'காம்பைக் கிள்ளினால் பால் உண்டு' என்று ஒரு வழியும், 'பால் இல்லை' என்று மறு வழியும் இருந்திருக்க வேண்டும். அச்சகத்தில் ஒரு 'ல்' விட்டுப்போய், 'பால் இலை' என்று வந்துவிட்டது. செடிகள் அச்சில் வருவதை அப்படியே நம்புபவை. அந்த வழியில் போன செடியெல்லாம் மறுநாள் விடிந்ததும் தன் இலைகளிலிருந்து ஒரு டம்ளர் பால் கொடுத்தது. நல்ல கெட்டிப் பால். டீக்கடை தவசிலிங்கம் அண்ணாச்சி தூக்குவாளியோடு வேலி வேலியாகப் போய்க் கறந்து வருவார். பிழையைத் திருத்தலாம் என்று ஒருமுறை துறையில் பேச்சு வந்தபோது, அவர் வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டார். ஊருக்கே டீ இல்லாமல் போய்விடும் என்றார். அதுவும் நியாயம்தானே, விட்டுவிட்டோம்.

என் வாடகை வீட்டில், பாத்திரம் கழுவுகிற இடத்தில், மார்கழியில் ஒரு செடி முளைத்தது. தனியாக இருக்கிறவளுக்குக் காலையில் முகம் காட்ட ஒன்று வேண்டாமா? அதனிடம்தான் பேசினேன். வெயிலைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி, உப்பு கரிக்கிற குழாய்த் தண்ணீரைப் பற்றி. ஏய் என்று கூப்பிட்டேன், இந்தா என்று கூப்பிட்டேன், ராசாத்தி என்றுகூடக் கூப்பிட்டேன். எதற்கும் அது குடிக்கவில்லை.

நானே பெயர் கண்டுபிடிக்க முடியாது. வளர்க்கிறவர் கையில் தாள் இருந்தால் எல்லாவற்றுக்கும் 'உண்டு' என்றே வரும். ஆசை அப்படி. ஒருமுறை உட்கார்ந்து பார்த்தேன், தேக்கு மரம் என்று முடிந்தது. செடி அப்போது ஒரு சாண்தான் இருந்தது. பனி பெய்த வரையில் அது எப்படியோ ஒப்பேற்றியது. பங்குனி பிறந்ததும் பனியும் நின்றது. இலைகள் தொங்கிவிட்டன.

அதைப் பெயிண்ட் டப்பாவில் பெயர்த்து வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குக் கொண்டுபோனேன். கண்டக்டர் அதன் பெயர் கேட்டார். இன்னும் தெரியாது என்றேன். அப்படியானால் டிக்கெட் வேண்டாம் என்றார்.

மேசைமேல் டப்பாவை வைத்தேன். "இன்னிக்குப் பெயர் வரலேன்னா இது போயிடும்டி" என்றேன். அன்று நான் யாரையும் திட்டவில்லை என்பதிலேயே பிள்ளைகளுக்கு நிலைமை புரிந்துவிட்டது. ஜெபக்கனி தாளைப் பிடித்துக்கொண்டாள். அவள் வாசித்தால் தூங்குகிறவர்களுக்கும் காது கேட்கும். மற்றவர்கள் செடியைச் சுற்றிக்கொண்டார்கள். தனி இலை. இரண்டுக்குப் போனார்கள். இலைகள் எதிரெதிரே இல்லை, மாறி மாறி. முள் இல்லை. இலை ஓரம் ரம்பப் பல். அடேயப்பா, என்ன வேகம்! இவர்களையா மக்குகள் என்று திட்டினேன்?

"ஆறு" என்றாள் ஜெபக்கனி. "பால் உண்டு, பால் இலை."

ஒருத்தி காம்பை மெல்லக் கிள்ளினாள். பால் வரவில்லை. பால் உண்டு என்று பொய்யாகப் போனால் தப்பான பெயரில் முடியும், செடி குடிக்காது. பால் இலை என்று போனால் விடிந்ததும் அது ஒரு டம்ளர் பால் கொடுத்தாக வேண்டும். செடிகளுக்கு ஏமாற்றத் தெரியாது, வாடிக்கிடக்கிற இது எப்பாடு பட்டாவது கொடுத்துவிட்டுச் செத்துப்போகும். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து இசக்கியம்மாள் எழுந்து வந்தாள். இவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தால் இவளுக்கு ஒரே வார்த்தைதான். ரெக்கார்டு நோட்டு எங்கடி என்றால், "இல்ல மேடம்." ஏன் எழுதலே என்றால், "காரணம் ஒண்ணும் இல்ல மேடம்." வெக்கமா இல்லையா என்றால், "இல்ல மேடம்." இவளால் எனக்கு ரத்தக்கொதிப்பே வந்திருக்கும்.

"நீங்கதான மேடம் சொன்னீங்க, தாளைப் பாக்காண்டாம், செடியப் பாருன்னு" என்றாள். "நான் பாத்துட்டேன்."

செடிக்கு நேராகக் குனிந்தாள். என்னிடம் சொல்கிற அதே குரலில், அவசரமோ வருத்தமோ இல்லாமல் சொன்னாள்.

"பால் இல்ல."

வருஷம் முழுக்கப் பழகிய 'இல்ல' அது. அதைக் கேட்டுவிட்டு யாரும் சந்தேகப்பட்டதில்லை. நானே ஒரு நாளும் அவள் பையைத் திறந்து பார்த்ததில்லை. செடியும் அச்சை விட்டுவிட்டு அவளை நம்பியது. தொங்கிய இலைகளில் ஒன்று லேசாக நிமிர்ந்தது.

"ஏழு" என்று ஜெபக்கனி கத்தினாள். "பூவைச் சுற்றிப் பச்சைக் கிண்ணம் உண்டு, கிண்ணம் இல்லை." லென்ஸை வைத்துப் பார்த்தார்கள். கடுகளவு கிண்ணம் இருந்தது. அந்த வழியின் முடிவில் பெயர் நின்றது.

"குப்பைமேனி!" என்று வகுப்பே சேர்ந்து கூப்பிட்டது.

மடக் மடக் என்று சத்தம் கேட்டது. நான் ஊற்ற ஊற்ற டப்பா காலியாகிக்கொண்டே வந்தது. தேக்கு என்று ஆசைப்பட்டவள்தான் நான். குப்பைமேனியாக இருந்தால் என்ன, என் ராசாத்தி குடிக்கிறதே! இசக்கியைக் கட்டிக்கொண்டேன். "நல்லா இருடி, உன் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்" என்றேன். எல்லோர் முன்னாலும் அழுதேன். இந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தந்தது கொஞ்சம். அவர்கள் எனக்குத் திருப்பித் தந்ததை எதில் வைப்பேன்?

அழுததில் தாகமெடுத்தது. பானையில் ஒரு டம்ளர் மொண்டு சாய்த்தேன். தண்ணீர் உதடுவரை வந்து நின்றது. இன்னும் சாய்த்தேன். அப்படியே நின்றது. நேற்றுவரை செடிகளுக்கு மட்டும் இருந்த வழக்கம் இன்று எனக்கும் வந்துவிட்டது.

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் நான் மேடம்தான்.

ஜெபக்கனி தாளைத் திருப்பி, வெறும் பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். பிள்ளைகள் செடியை விட்டுவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டார்கள்.

"ஒன்று. கோபம் உண்டு, கோபம் இல்லை."

"உண்டு" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னது. உள்ளதைத்தானே சொல்கிறார்கள்.

"இரண்டு. இந்த ஊரில் இவங்களுக்குன்னு ஆள் உண்டு, ஆள் இல்லை."

எல்லோரும் இசக்கியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அவள் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள், செடியைப் பார்த்த மாதிரியே.

"உண்டு மேடம்" என்றாள்.

டம்ளரில் தண்ணீர் ஒரு விரல் இறங்கியது.

"மூன்று" என்றாள் ஜெபக்கனி. "வேர் உண்டு, வேர் இல்லை."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு, அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று உள்ளங்காலைக் காட்டினேன்.