பின்தளத்து மூடி

கப்பலைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் அவள் கணவன் கடைசி முறையாகக் கடலுக்குப் போனான். போர்க்கப்பல் ஒன்றில் அவன் இயந்திர அறை மெக்கானிக். வீட்டில் அதே கப்பலை இருநூறில் ஒரு பங்கு அளவில் கட்டிக்கொண்டிருந்தான். இரண்டடி நீளம், ஆயிரத்துச் சொச்சம் துண்டுகள்.

"வேலையும் கப்பல், வீட்டுக்கு வந்தாலும் கப்பல். உனக்கு வேற ஒலகமே கெடையாதா?" என்பாள் அவன் அம்மா.

"இந்தக் கப்பல்லதாம்மா நான் கேப்டன்" என்பான்.

இயந்திர அறையில் தீப்பிடித்தது. அவனும் இன்னும் ஐந்து பேரும் திரும்பவில்லை. வெடிப்பில் உடனடியாக உயிர் பிரிந்துவிட்டது, வேதனை இருந்திருக்காது என்று கடிதம் வந்தது. மாமியார் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடினாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், "பட்டுனு போயிட்டான். அந்த மட்டும் விட்டுச்சே" என்றாள்.

ஐந்து மாதம் கழித்து மருமகள் அந்தப் பாதிக் கப்பல் இருந்த பெட்டியைத் திறந்தாள். பல் செட் செய்யும் லேபில் அவளுக்கு வேலை. மெழுகில் கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளங்களைச் செதுக்கிப் பழகிய கை. பீரங்கிக் குழாய்களைத் தேய்த்து வழவழப்பாக்கினாள். மயிரிழை போன்ற பித்தளைக் கைப்பிடிக் கம்பிகளைச் சாமணத்தால் பிடித்து, ஊசி முனையில் பசை தொட்டு ஒட்டினாள். கணவன் கோணலாக ஒட்டியிருந்த இரண்டு படகுகளைப் பிரித்து நேராக்கலாமா என்று யோசித்து, அப்படியே விட்டாள்.

கொழுந்தனும் அதே கப்பலில்தான் இருந்தான். மேல்தளத்தில் வேலை. பிழைத்து வந்தவன் நீண்ட விடுப்பில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வருவான். எதையும் தொடமாட்டான். எதிரே உட்கார்ந்து, "அந்த ஏணி இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கும் அண்ணி", "அங்க சங்கிலி தொங்கும்" என்று சொல்லுவான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். துக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிறு, ஒட்டும் வேலை கப்பலின் பின்தளத்துக்கு வந்திருந்தது. இயந்திர அறைக்கு இறங்கும் வழியின் மூடி ஒரு பருப்பளவுகூட இல்லை. செய்முறைத் தாளில் இரண்டு படங்கள் இருந்தன. திறந்தும் ஒட்டலாம், மூடியும் ஒட்டலாம்.

"தெறந்தே ஒட்டிடவா தம்பி? உள்ள ஏணி தெரியும். உங்க அண்ணன் அதுக்குனே பெயின்ட் அடிச்சு வச்சிருக்காரு."

"வேணாம் அண்ணி. மூடித்தான் இருந்துச்சு."

"எப்ப?"

அவன் அந்த மூடியையே பார்த்தான். அவள் சாமணத்தைக் கீழே வைத்தாள்.

"வெடிச்சப்பவா? வெடிச்சதுல இது தானா மூடிக்குமா?"

"வெடிக்கவே இல்ல அண்ணி." குரல் தேய்ந்து வந்தது. "தீ மட்டுந்தான். பக்கத்து அறையில குண்டெல்லாம் இருந்துச்சு. மூடிட்டு தீய அணைக்கிற வாயுவத் தெறந்து விடணும், இல்லேன்னா நூத்தம்பது பேரும் போயிடுவோம்னு அதிகாரி கத்துனாரு. மூடி பக்கத்துல நான்தான் நின்னேன். மேலேருந்து ஆறு பிடியையும் திருகிட்டா கீழேருந்து தெறக்க முடியாது."

"திருகிட்டியா?"

"திருகிட்டேன்."

அடுத்த அறையில் மாமியார் தூக்கத்தில் இருமினாள். இருமல் அடங்கியதும் அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"தட்டுனாங்களா?"

"ஏழு நிமிஷம். ஸ்பேனரால."

"எந்திரிச்சுப் போ" என்றாள். அவன் போனான்.

அதன்பின் மூன்று ஞாயிறு அவன் வரவில்லை. லேபில் அவள் ஒரு கிழவரின் மேல் செட்டில் கோரைப்பற்களை இடம் மாற்றி வைத்துவிட்டு, மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். வீட்டில் மாமியார் நச்சரித்தாள். "உங்களுக்குள்ள என்ன? அவனும் வர்றதில்ல, நீயும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க. எனக்கு மிச்சம் இருக்கிறது நீங்க ரெண்டு பேருதான்."

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று அவள் நினைத்ததுண்டு. ஆனால் மாமியார், "பட்டுனு போயிட்டான்" என்று ஆரம்பிக்கும் ஒவ்வொரு முறையும் வாய்க்குள் துணியைத் திணித்தது போல் இருந்தது. நாலாவது ஞாயிறு அவளே அவனைக் கூப்பிட்டாள். "வந்து நீயே உங்க அம்மாகிட்ட சொல்லு. என் வாயால அவங்க இதக் கேக்கக் கூடாது."

அவன் தரையில் உட்கார்ந்து, எதையும் குறைக்காமல் சொன்னான். மாமியார் கட்டில் விளிம்பில் அசையாமல் கேட்டாள்.

"மேல நீதான்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. 'டேய் தம்பி'ன்னுதான் கூப்பிட்டான்."

"நீ கீழ இருந்து, அவன் மேல நின்னிருந்தா?"

"அண்ணனும் மூடியிருப்பாம்மா. உத்தரவு."

மாமியார் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"மூடியிருக்க மாட்டான்" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு சாகும்வரை, இரண்டு வருடம், அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று அவனை வாசல்வரை கொண்டுவிட வந்த மருமகளுக்கு ஆத்திரம் அடங்கித்தான் இருந்தது, போயிருக்கவில்லை. "மத்த அஞ்சு வீட்டுக்கும் அதே கடுதாசிதான் போயிருக்கும், இல்ல?"

அவன் தலையாட்டினான்.

"அப்ப அங்கயும் போய்ச் சொல்லு. நானும் வரேன்."

"எதுக்கு அண்ணி நீங்க?"

"நீ பாதி வழியில திரும்பிடுவ."

போனார்கள். முதல் வீட்டில் அந்த மனைவி பாதியிலேயே கதவைச் சாத்தினாள். இரண்டாவது வீட்டில் இறந்தவனின் அண்ணன் இவனை அறைந்தான், பிறகு அவனே உட்கார்ந்து அழுதான். மூன்றாவது வீட்டில் எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னார்கள், கோர்ட்டுக்குப் போகப் போவதாக. எழுதிக் கையெழுத்துப் போட்டான். அதனால் வேலை போகும் என்று தெரிந்துதான் போட்டான். போனது.

நாலாவது வீட்டில் ஒரு அப்பா மட்டும் இருந்தார். ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். மகனுக்கு இருபது வயதுகூட முடிந்திருக்கவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் தம்பி. எம்பையன் அழுதானா?"

"இல்லைங்க. அவன் சத்தம் கேக்கவே இல்ல."

அவர் கும்பிட்டார். தெருமுனை திரும்பியதும் அவள் நின்றாள்.

"நெசமாவா? அவன் சத்தம் கேக்கலையா?"

"அவன் சத்தம்தான் அண்ணி கடைசி வரைக்கும் கேட்டுச்சு."

பொய் சொன்னதற்காக அவள் அவனைத் திட்டவில்லை. ஐந்தாவது வீடு ஊரின் மறுகோடியில் இருந்தது. இருவரும் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள்.