அடுத்த அறையில் ஐந்து பிள்ளைகள்

சனிக்கிழமை காலையில் அம்மாவின் தையல் கடைக்கு மேல்மாடியில் பெற்றோர் கூட்டம் நடக்கும். பேச்சு வராத, ஓரிடத்தில் உட்காராத பிள்ளைகளைப் பெற்றவர்கள் மட்டும் வருவார்கள். அம்மாதான் வீடு வீடாகப் போய் அவர்களைச் சேர்த்தாள். உள்ளறையில் பெரியவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். வெளியறையில் பிள்ளைகள். அவர்களோடு நான்.

தம்பிக்குக் கோபம் வந்தால் தன் கையையே கடிப்பான். பெயின்டர் மாமாவின் மகன் பிளக் ஓட்டையைக் கண்டால் விரலை விடுவான். நர்ஸ் அக்காவின் மகள் மின்விசிறி நின்றால் கூரை பெயர்கிற மாதிரி அலறுவாள். மற்ற இருவரும் கதவு எப்போது திறக்கும், ஓடலாம் என்றிருப்பவர்கள்.

தம்பியைப் பார்த்துக்கொள்வதற்காக ஒன்பதாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். இப்போது பத்தாவதைத் தனித்தேர்வாக எழுத ஒரு டீச்சர் சொல்லித் தருகிறார். அதுவும் சனிக்கிழமை காலையில்தான். இந்த வாரமும் வராவிட்டால் வேறு பெண்ணைச் சேர்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். அம்மாவிடம் சொன்னேன்.

"நீ போயிட்டா கூட்டம் எப்படிடி நடக்கும்? அத்தனை பேரும் உன்னை நம்பித்தான் வர்றாங்க."

"மாத்தி மாத்தி ஒருத்தர் வெளிய உக்காரலாம்ல?"

"வாரத்துக்கு ஒரு தடவை மூச்சு விட வர்றாங்க. அதுலயும் மண்ணை அள்ளிப் போடச் சொல்றியா?"

பல்லைக் கடித்துக்கொண்டு இன்றும் வந்தேன். உள்ளே பெயின்டர் மாமா சொல்லிக்கொண்டிருந்தார்.

"கல்யாணத்துக்குக் கூப்பிடுறப்ப, நீங்க ரெண்டு பேரு மட்டும் வாங்கங்கிறான் என் மச்சான். பையனை என்ன, மடிச்சு பீரோவுல வெச்சுட்டுப் போறதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸ் அக்கா அம்மாவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "உங்களுக்காவது பையனைப் பாத்துக்க மகள் இருக்கா. எங்களுக்கு யாரு?"

"அவளுக்குத் தம்பின்னா உசுரு," என்றாள் அம்மா. "படிப்பே வேணாம்னு தானாவே நின்னுட்டா."

"தங்கமான பொண்ணு," என்றார் மாமா.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கதவைத் தள்ளினேன்.

"நானா நின்னேன்? ஸ்கூல் பையைப் பிடுங்கிப் பரண்ல போட்டியே, அதையும் இவங்ககிட்ட சொல்லும்மா."

அம்மாவின் முகம் வெளிறியது. "வீட்ல போய்ப் பேசிக்கலாம் பாப்பா. பிள்ளைங்க தனியா இருக்கு பாரு."

"யாரும் தனியா சுமக்கக் கூடாதுன்னு வாய் கிழியப் பேசுறீங்க. உங்க எல்லாருக்கும் சேர்த்து நான் ஒருத்திதான் கெடச்சேனா?"

ஐந்து பேரையும் உள்ளே கொண்டுவந்து விட்டேன். தம்பியை அம்மாவின் மடியில் உட்கார வைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.

மேலே தம்பி கத்த ஆரம்பித்தான். "ஐயோ, கையைக் கடிக்கிறானே!" என்று யாரோ பதறினார்கள். அம்மா மாடிப்படிக்கே ஓடி வந்துவிட்டாள்.

"பாப்பா, இவனுக்கு நீ என்னடி பண்ணுவ?"

பெற்றவளுக்குத் தெரியவில்லை.

"பக்கத்துல உக்காருவேன்," என்று கத்தினேன். "நீயும் போய் உக்காரு."

திரும்பிப் பார்க்காமல் டீச்சர் வீட்டை நோக்கி ஓடினேன்.