இரங்கலுரையில் ஒரு வரி

அப்பாவின் வலது பெருவிரலில் இருந்த சிவப்பு மை சோப்புப் போட்டும் போகவில்லை. ருயின் துணியை வெந்நீரில் நனைத்து மறுபடி தேய்த்தாள். ஆஸ்பத்திரியில் ஏதோ படிவத்துக்கு ரேகை வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

சவக்கிடங்கு வாசலில் அணை அலுவலகச் செயலாளர் மியாவ் காகிதத்தோடு நின்றார். ஊழியர் செத்தால் இரங்கலுரையை அலுவலகம்தான் எழுதும். வீட்டார் ஒப்புக்கொண்ட பிறகே வாசிக்கும். ஒரு சொல்லுக்காகப் பிணத்தை இரண்டு நாள் போட்டுவைத்த வீடுகளும் உண்டு.

இரண்டாம் பக்கத்தில் இருந்தது அந்த வரி: 'பதினான்கு மீட்டர் உயர்த்திய அணையில் நீர் நிரப்புவதால் ஆபத்தில்லை எனத் தோழர் ஃபெங் ஷூலின் இறுதியில் உறுதி செய்தார்.'

"இதை யார் சொன்னது?"

"அவரேதாம்மா. போன வாரம் ரேகை வச்சுக் குடுத்தாரே."

"போன வாரம் அவருக்கு நினைவே இல்ல."

மியாவ் அவள் தம்பி சிஹாவைப் பார்த்தார். அவனும் அதே அலுவலகம்தான்.

முப்பது வருஷம் அணையின் வயிற்றுக்குள் சுரங்கப்பாதையில் நடந்து கசிவை அளந்த மனிதர் அப்பா. அந்தக் காலத்தில் கூடையில் சுமந்து கொட்டிய கான்கிரீட், விரிசல் விட்டிருக்கிறது, அதன் தலையில் இன்னும் பாரமா என்று கேட்டார். கேட்ட பாவத்துக்குக் கேண்டீன் கிடங்கில் உட்காரவைத்தார்கள். அங்கிருந்தும் மனு எழுதினார். ஒரு நாய்கூடப் பதில் போடவில்லை.

"நீயாடா?"

"ஆபத்தில்லைன்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டாங்கக்கா. அப்பா ஒருத்தர்தான் பாக்கி. இல்லன்னா என்னையும் கிடங்குக்கு அனுப்பிடுவாங்க."

"அதுக்கு அவரு கையப் புடிச்சு அமுக்குனியா?"

அவன் தலையைத் தொங்கப்போட்டான். ருயின் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். மியாவ் முகம் மாறாமல் வாங்கிக்கொண்டார். "உங்க விருப்பம்மா."

பத்து மணிக்கு மண்டபத்தில் மியாவ் வேறொரு பிரதியை எடுத்து வாசித்தார். வரி அப்படியே இருந்தது. "அது பொய்" என்றாள் ருயின். யாரோ சோக இசையைக் கூட்டிவைத்தார்கள். அப்பாவோடு அணைக்குள் நடந்த கிழவர்கள், சட்டையில் துக்கத்துக்குக் குத்திய வெள்ளைப் பூவோடு, தரையைப் பார்த்தபடி மூன்று முறை குனிந்து வணங்கிவிட்டு நகர்ந்தார்கள்.

வாசலில் சிஹாவ் பக்கத்தில் வந்தான். அவன் வீடு மலைமேல், புதுக் குடியிருப்பில். அவள் வீடு அணைக்குக் கீழே ஆற்றோரம்.

"அக்கா, உன் பொண்ணு நிங்கை என் வீட்டுல விட்டுடேன். பள்ளிக்கூடத்துக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

"ஏன்? ஆபத்தே இல்லைன்னு இப்பதானே மைக்குல வாசிச்சாங்க."

அவன் அணைப்பக்கம் பார்த்தான். "அடுத்த மாசம் தண்ணி ஏத்துறாங்கக்கா" என்றான்.

அவனை ஓங்கி அறையவேண்டும் போலிருந்தது. ருயின் குனிந்து, தன் கையைப் பிடித்து நின்ற ஆறு வயது மகளின் மேல்சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். பிறகு அவளை அவன் பக்கம் மெல்லத் தள்ளிவிட்டாள்.