மழைக்காரரின் மோட்டார்

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் என் அதிகப்பிரசங்கித்தனம். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் சித்தப்பா முப்பத்தைந்து வருடம் தண்ணீர் லாரி ஓட்டியவர். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு சினிமாக் கம்பெனி அவருடைய லாரியை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்தது. காதலர்கள் தெருவில் பிரிகிற காட்சி. மழை வேண்டும், ஆனால் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. சித்தப்பா லாரியின் மேல் ஏறி நின்று, ஓட்டை போட்ட குழாயைத் தோளில் தாங்கி, ஒன்பது மணி நேரம் மழை பெய்வித்தார்.* படம் ஓடோ ஓடென்று ஓடியது. அன்றிலிருந்து லாரி ஷெட்டில் அவருக்கு மழைக்காரர் என்று பெயர். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

[* இதைப் படித்துவிட்டுச் சித்தப்பா சொன்னது: "ஒம்போது இல்ல, ஆறு. நடுவுல சாப்பாட்டுக்கு விட்டாங்க. எழுதுறதை ஒழுங்கா எழுது."]

அவர் ஓய்வுபெற்ற அன்று அந்தப் படத்தின் டிவிடியை வாங்கிக்கொண்டு போனேன். குடும்பமே உட்கார்ந்து பார்த்தது. மழைக் காட்சி வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நான் அதோடு விட்டிருக்கலாம். "இதுல டைரக்டரே பேசுற கமென்ட்ரி இருக்கு" என்று சொல்லி ரிமோட்டில் ஒலியை மாற்றினேன். வசனம் பின்னால் ஒதுங்கிக்கொள்ள, அதன்மேல் இயக்குநரின் குரல் வந்தது.

"இந்த மழையை நாங்க ஏற்பாடு பண்ணலை. தானா வந்துது. இயற்கை குடுத்த கொடை."

முதலில் சிரித்தவர் சித்தப்பாவின் மாப்பிள்ளை. "அப்ப மாமா லாரி மேல ஏறி என்ன பண்ணினாரு? நனைஞ்சாரா?"

சித்தி காலி தம்ளர்களைப் பொறுக்கினார். "இருபத்திரண்டு வருஷமா நானும் இதை ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்" என்றார், யாரையும் பார்க்காமல்.

சித்தப்பா என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கிப் படத்தை நிறுத்தினார். "டிவிடியை எடுத்துக் கவர்ல போடு. கீறல் விழுந்துரப் போகுது" என்றார்.

2

இந்தக் கதைக்கு நான் எழுதிய முதல் வரி: அன்று மழை பெய்துகொண்டிரு

அடித்துவிட்டேன். பெய்யவில்லை என்பதுதானே விஷயம்.

இரண்டாவது வரி: சின்னச் சின்னப் பொய்களோடு வாழ்கிற மனிதர்களை எனக்கு

இதையும் அடித்தேன். ஆனால் இதை ஏன் எழுதினேன் என்று சொல்லியாக வேண்டும். ஒரு வாரம் நானும் அவரை நம்பவில்லை. கதாபாத்திரத்தைச் சந்தேகப்படுவது எழுதுகிறவனின் தொழில். சித்தப்பாவைச் சந்தேகப்படுவது தொழில் இல்லை, துரோகம். அந்த ஒரு வாரம் அவர் வீட்டுப் பக்கமே நான் போகவில்லை.

3

எட்டாம் நாள் போனேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து, நாற்காலியைத் தொலைக்காட்சிக்கு நெருக்கமாகப் போட்டு, கண்ணை மூடிக் கமென்ட்ரி கேட்டுக்கொண்டிருந்தார். தினமும் அதே வேலையாம். மழைக் காட்சி மட்டுமில்லை, முழுப் படமும்.

"நீலக் குடைங்கிறாரு. குடை மஞ்சள்" என்றார், கண்ணைத் திறக்காமலே. "அந்த வீடு செட்டுங்கிறாரு. அது டாக்டர் ஒருத்தரோட வீடு. நான்தான் தொட்டியை ரொப்பினேன்."

"அப்ப பொய் சொல்றாரா?"

"சே. மறந்துட்டாரு. மறந்த இடத்துல நல்லதா ஏதோ ஒண்ணை வச்சு அடைச்சுட்டாரு."

(புனைகதைக்கு இதைவிட நல்ல இலக்கணத்தை நான் படித்ததில்லை. சரி, கதைக்கு வருகிறேன்.)

அவர் எனக்காகவே காத்திருந்தார் போல. மழைக் காட்சியைப் போட்டு, "டைரக்டரை விட்டுடு. இன்னொருத்தர் பேசுறாரு, அவரைக் கேளு" என்றார். கமென்ட்ரியில் படத்தின் ஒலிப்பதிவாளரும் உட்கார்ந்திருக்கிறார். இயக்குநர் மூச்சு விடுகிற இடைவெளியில்தான் அவருக்கு வாய்ப்பு.

"மழைச் சத்தத்தைப் பின்னாடி தனியாதான் சேர்த்தோம் சார். ஸ்பாட்ல ஏதோ ஒரு மோட்டார் ஓடிட்டே இருந்துது."

"என்ன மோட்டார்?" இது இயக்குநர்.

"தெரியலை. ஏதோ ஒண்ணு."

இயக்குநர் உடனே கதாநாயகியின் கண்களுக்குப் போய்விட்டார். சித்தப்பா படத்தை நிறுத்தினார்.

"என் மோட்டார்டா அது. லாரித் தண்ணியைக் குழாய்ல ஏத்தினது" என்றார். நான் வெட்கத்தில் தரையைப் பார்த்தேன்.

4

அடுத்த மாதம் ஒரு தியேட்டரில் அந்தப் படத்தைச் சிறப்புக் காட்சியாகத் திரையிட்டார்கள். படம் முடிந்ததும் இயக்குநரும் ஒலிப்பதிவாளரும் மேடையேறினார்கள். கேள்வி கேட்பவர்களுக்கு மைக் வந்தது. நான் எழுந்தேன். சித்தப்பா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். "நீ ஒருதரம் பட்டனை அமுக்கினது போதும்."

மைக்கை அவரே வாங்கினார். "ஐயா, எனக்குக் கேள்வி எதுவும் இல்லை. கமென்ட்ரில ஒரு மோட்டார் வருது. அது என்னுது. மழைக்காக ஓட்டினது."

இயக்குநர் புன்னகைத்தார். "அது நிஜ மழைங்க."

அரங்கில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். சித்தப்பா உட்காரவில்லை. "மோட்டார்ல வால்வு தேஞ்சிருந்துது. நாலு சுத்து ஒழுங்கா ஓடும். அஞ்சாவதுல இருமும்."

ஒலிப்பதிவாளர் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார். "எப்படி இருமும்? சொல்லிக் காட்டுங்க."

சித்தப்பா மைக்கை வாயருகே வைத்தார். "டுக், டுக், டுக், டுக்... ஹ்ரக்."

ஒலிப்பதிவாளர் இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார். "இவர்தான் சார். இந்த இருமலை வெட்டியெடுக்கப் பதினேழு நாள் ஆச்சு. இன்னிக்கும் தூக்கத்துல கேக்குது."

அரங்கமே சிரித்தது. பிறகு ஒருவர் எழுந்து கைதட்டினார். பிறகு வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்தார்கள். இயக்குநர் மேடையிலிருந்து இறங்கி வந்து சித்தப்பாவின் கையைப் பிடித்தார்.

"சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன். மன்னிச்சிருங்க."

"அதனால என்ன சார். நிஜ மழைன்னு நீங்களே நம்புற அளவுக்குப் பெஞ்சிருக்கேன்ல" என்றார் சித்தப்பா.

5

முடிவுகளைப் பற்றி.

நான் முதலில் எழுதிய முடிவில் அவர் கைக்கு மைக்கே வரவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறி வீடு திரும்பினார். நான்கு பக்கம் எழுதினேன், நன்றாகவே வந்திருந்தது. சோகத்துக்குப் பத்திரிகைகளில் தனி மரியாதை உண்டு. சித்தி படித்துவிட்டுத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். "ஜெயிச்ச மனுஷனை எதுக்குடா தோக்கடிக்கிறே? கண்ணீர் வேணும்னா போய் வெங்காயம் உரி."

இரண்டாவது முடிவில் மாப்பிள்ளை கண்கலங்கி மன்னிப்புக் கேட்டார். நடக்கவில்லை. போன்தான் செய்தார். "மாமா, ஆபீஸ்ல ஒருத்தனும் நம்ப மாட்டேங்கிறான். அந்த இருமலை ஒருதரம் ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க." அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான். சித்தப்பா மூன்று தரம் இருமி அனுப்பினார்.

நடந்தது இது. அந்தப் படத்தின் புதிய பதிப்பு தயாரானபோது, மழைக் காட்சி ஓடும் நான்கு நிமிடத்துக்குக் கமென்ட்ரி பேசச் சித்தப்பாவை அழைத்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையில் போனார். ஒலிப்பதிவு அறையில் ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ஒரு இடத்தில் சிரித்தார். ஒரு இடத்தில் தோளைத் தடவிக்கொண்டார்.

டிவிடி போன வாரம் வந்தது. அவர் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டு இங்கே எழுதினேன். பிறகு முழுவதையும் அழித்தேன். அது அவருடைய நான்கு நிமிடம். அதன்மேல் என் குரல் எதற்கு?*

[* சித்தப்பா: "இப்பத்தான் புத்தி வந்திருக்கு."]

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. இதை எழுதும்போது கூடத்தில் அந்தக் காட்சிதான் ஓடுகிறது. சித்தப்பாவின் குரல் முடிந்து இயக்குநரின் குரல் தொடங்கும்போதெல்லாம் சித்தி பின்னால் ஓட்டிவிடுகிறார்.

"அடுத்த சீன் வரட்டும்மா" என்கிறாள் சித்தியின் மகள்.

"வரும், வரும். அவர் பேசட்டும்."

சித்தி மனம் இரங்கி விட்டுவிட்டால் கதாநாயகி தெருமுனையைத் தாண்டிவிடுவாள். அதற்கப்புறம் நடப்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுந்து போய் அவர்களோடு உட்காரப்போகிறேன்.