தலைச்சுமைக்குத் தோதான கூரை

1979ஆம் வருடம் ஐப்பசி பிறந்த அன்று, நாகலூருக்கு மேலே சரிவில் இருந்த சின்னையனின் வீடு, சுவர், தரை, எரிந்துகொண்டிருந்த அடுப்பு எல்லாம் சேர்ந்து ஒரு முழம் மேலே எழும்பி அங்கேயே நின்றுகொண்டது. அடுப்பில் இருந்த உலைத்தண்ணீர் தளும்பக்கூட இல்லை.

எல்லாம் கூரையால் வந்தது. அந்த மலையில் பழைய புல்லைப் பிரித்து எறியும் வழக்கம் இல்லை. அப்பன் வேய்ந்த புல்லின் மேலேயே மகன் வேய்வான். சின்னையன் காலத்துக்குள் கூரை சுவரைவிடக் கனத்து, வாசற்படி மண்ணில் அமிழ்ந்து, குனிந்து நுழைந்துகொண்டிருந்தவர்கள் தவழ்ந்து நுழைய வேண்டியதாயிற்று. மழைத்தண்ணீர் அத்தனை தலைமுறைப் புல்லையும் தாண்டி வர வேண்டியிருந்ததால், ஐப்பசியில் பெய்தது மாசியில்தான் உள்ளே சொட்டும். வெளியே வெயில் காயும். உள்ளே சின்னையன் பெண்டாட்டி குப்பாயி சொட்டுக்குச் சட்டி நகர்த்திக்கொண்டிருப்பாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் ஓர் இரவுகூட முழுசாகத் தூங்கியதில்லை. எஸ்டேட்டில் கண்ணை மூடிக்கொண்டே காப்பிப் பழம் பறிப்பாள். கை சரியாக வேலை செய்ததால் கணக்கெழுதும் ரைட்டர் எழுப்புவதில்லை.

“ஏனுங்க, இன்னொரு மழ இந்தப் புல்லுக்கு அடியில என்னால ஆகாதுங்க. தகரம் போடுங்க. இல்லாட்டி தலச்சோலைக்கு எங்கண்ணன் ஊட்டுக்கே போயிர்றேன்” என்று ஒரு நாள் கொட்டாவி விட்டபடி சொன்னாள். சின்னையன் அந்தக் கொட்டாவிக்குத்தான் பயந்தான். கோபத்தில் சொன்னால் ஆறிவிடும். அலுத்துப்போய்ச் சொன்னால் போயே விடுவாள்.

சேலத்துக்கு இறங்கினான். தகரக் கடைக்கு வந்த மற்றவர்கள் துருப் பிடிக்குமா, எத்தனை காலம் வரும் என்றெல்லாம் கேட்டார்கள். சின்னையன் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு தகட்டையும் தலையில் வைத்துக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்பினான். நாகலூரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் வீடு வரை ஏற்றம். தலைச்சுமையாகத்தான் போயாக வேண்டும்.

“ஏப்பா, கூர உன்ற ஊட்டுக்கா, தலைக்கா?” என்றார் கடைக்காரர்.

“மொதல்ல தலைக்குங்க. ஊடு அப்புறமுங்க.”

கடைசியில் இருப்பதிலேயே லேசான அலுமினியத் தகட்டை எடுத்தான். தலையில் இருப்பதே தெரியாமல், கீழே போட்டுவிட்டோமோ என்று ஏற்றத்தில் இரண்டு தரம் திரும்பிப் போய்த் தேடினான்.

பழைய புல்லைக் கும்பிட்டுவிட்டுப் பிரித்தார்கள். தகடு ஏறி, கடைசி ஆணி அடித்ததும் வீடு நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. அப்புறம்தான் எழும்பியது.

ஊர்க்கவுண்டர் ஐயாக்கண்ணு வந்து குனிந்து வீட்டுக்கு அடியில் பார்த்தார். தொலைந்துபோன அரிவாள் ஒன்று அகப்பட்டது. “தகரம்னா அப்படித்தான். நாலு கல்லத் தூக்கி மேல வெய்யி சின்னையா, எறங்கீரும்” என்றார். சின்னையன் ஒரு கல்லைப் பெயர்த்துத் தூக்கினான்.

வாசலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்த குப்பாயி கையை ஆட்டினாள். “வேண்டாமுங்க. எத்தன நாளாச் சொமந்துச்சு பாவம். சித்த நேரம் சும்மா இருக்கட்டும், வுடுங்க.”

தூக்கிய கல்லை இறக்கி வைக்கச் சொன்னால் யாருக்குக் கசக்கும்? சின்னையன் அதை வாசலுக்குக் கீழே படியாகப் போட்டான். நாளாக ஆக வீடு கொஞ்சம் கொஞ்சமாக ஏற, படிகளும் கூடின. பின்னாளில் கரண்டுக்காரர்கள் வந்தபோது ஒயரைத் தாராளமாகத் தொங்கவிட்டுப் போனார்கள்.

வீடு எழும்பிய அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. தகட்டின் மேல் விழுந்த சத்தத்தில் அடுத்த ஊரான மஞ்சக்குட்டைக்காரர்கள் தூக்கம் கெட்டு ஆள் அனுப்பித் திட்டினார்கள். குப்பாயி ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்தவள் அசையவில்லை. ஐப்பசி போயிற்று, கார்த்திகை போயிற்று. சின்னையன் தானே களி கிண்டித் தின்றுகொண்டு, நனைந்தபடி காட்டுக்கும் வீட்டுக்கும் ஏறி இறங்கினான். மார்கழியில் மழை விட்ட அன்று அவள் கண்ணைத் திறந்தாள்.

“ஏனுங்க, மழ வந்துச்சா?”

“வந்துச்சு. போயிருச்சு, புள்ள.”

“அப்படீங்களா” என்று அவள் மறுபக்கம் புரண்டு படுத்தாள். சின்னையன் ஈரத்துண்டைப் பிழிந்து போட்டுவிட்டு, அவள் பக்கத்தில் இடம் பார்த்துப் படுத்துக்கொண்டான்.