ஒன்பது சுற்று

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பதினேழு வருடமாகத் தண்ணீர் ஆபீசில் வால்வு திருப்புகிறவனுக்குக் கோபம் வராவிட்டால்தான் அதிசயம். தண்ணீர் வந்தால் என்னை எவனும் நினைப்பதில்லை. வராவிட்டால் என் அப்பா வரைக்கும் இழுப்பார்கள்.

ஏரி வற்றியதும் என்ஜினியர் ஒரு திட்டம் போட்டார். நான்கு நாளுக்கு ஒரு முறைதான் டேங்கைத் திறப்பது. தெரு வால்வுகளையெல்லாம் பாதித் திறப்பில் நிறுத்திவிட்டு, பிறகு யாரும் தொடக்கூடாது. ஒரு வால்வுக்குப் பதினெட்டுச் சுற்று என்றால் பாதிக்கு ஒன்பது. குழாய் ரிப்பேர் செய்கிற பிட்டரைக் கூட்டிக்கொண்டு அவரே தெருத்தெருவாகப் போய் நிறுத்தினார். தொட்டவனுக்கு வேலை போகும் என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

மேட்டுத் தெருவில் என் தங்கை இருக்கிறாள். தையல் வேலை செய்கிறாள். பாதித் திறப்பில் மேட்டுக்குத் தண்ணீர் நூல் மாதிரிதான் ஏறியது. நீ அங்கே வேலையில் இருந்து எனக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டாள். சுருக்கென்றது. மறுநாள் மத்தியானம், தெருவில் ஈ காக்கை இல்லாத நேரம் பார்த்து, வால்வுக் குழியின் மூடியைத் தூக்கினேன். சாவியை மாட்டி, எல்லா வால்வையும் திறப்பதுபோல இடப்பக்கம் திருப்பினேன். ஒன்பதாவது சுற்றில் இறுகி நின்றது. ஊருக்கெல்லாம் பாதி, என் தங்கைக்கு மட்டும் முழுசு. யாரிடமும் மூச்சுவிடவில்லை, அவளிடம்கூட.

அடுத்த முறை டேங்க் திறந்தபோது மேட்டுத் தெருவில் ஒரு சொட்டு வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை.

பள்ளத் தெருக்காரர்கள் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்று முடிவுகட்டினேன். வீடு வீடாக நுழைந்து சண்டை போட்டு மூன்று மோட்டாரைப் பிடுங்கினேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. தங்கை தண்ணீர் விடுகிற நாளெல்லாம் பள்ளத் தெருவுக்கு இறங்கிப்போய் வரிசையில் நின்று, குடத்தோடு மேடேறினாள். அவள் புலம்பினால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். வேலையைப் பணயம் வைத்து உனக்குச் செய்தேன் என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, எல்லோருக்கும் வருவதுதான் உனக்கும் வரும் என்று தெருவே பார்க்கக் கத்தினேன்.

நான் வால்வைத் திருப்பிய முப்பத்தாறாவது நாள் அவள் குடத்தோடு மேட்டில் சறுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. கத்தரிக்கோல் பிடிக்கிற கை.

அதற்கப்புறம்தான் நான் என்ஜினியரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, மேட்டுத் தெருவில் குழாய் எங்கோ உடைந்திருக்கிறது, தோண்டிப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு வாங்கினேன். டேங்க் திறக்கிற நாள் காலையில் பிட்டர் வந்தான். இரண்டு இடத்தில் தோண்டினான். குழாய் முழுசாக இருந்தது. தலையைச் சொறிந்துகொண்டே வால்வுக் குழிக்குள் இறங்கி, சாவியை மாட்டி வலப்பக்கம் திருப்பினான். ஏன்டா மூடுகிறாய் என்று அதட்டினேன். அவன் நிறுத்தவில்லை. மூன்றாவது சுற்றில் குழிக்குள்ளிருந்து தண்ணீர் சீறுகிற சத்தம் கேட்டது.

"அண்ணே, இது வலப்பக்கம் திருப்பினா திறக்கிற வால்வு. போன வருஷம் நீங்க லீவுல இருந்தப்ப பழசு உடைஞ்சுது. ஸ்டோர்ல இது ஒண்ணுதான் கிடந்துது. இந்தத் திட்டம் வர்ற வரைக்கும் இதை யாரும் திருப்ப வேண்டி வரலை. பாதியில நிறுத்தினது நான்தான். யாரோ வந்து முழுசா மூடியிருக்கான்."

பாதியிலிருந்து திறக்கவும் ஒன்பது சுற்று, மூடவும் ஒன்பது சுற்று.  குழியின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பள்ளத் தெருக்காரன் எவனோ செய்த வேலை என்று பிட்டர் திட்டிக்கொண்டிருந்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வேலை தப்பும். சொல்லாமல் எழுந்தேன்.

தங்கை வீட்டுக்குள் போனேன். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, இடது கையால் குடத்தைக் குழாயடியில் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அடுத்த வீட்டு அக்கா என்ன சொன்னாங்க தெரியுமா? பள்ளத் தெருவுல காசு வாங்கிட்டு உங்க அண்ணன்தான் மூடிட்டான்னு. எங்கண்ணன் கை அப்படிச் செய்யாதுன்னு அன்னைக்கே பேச்சை முறிச்சுக்கிட்டேன். அப்புறமா அவங்களே மனசு கேக்காம, உனக்கும் சேர்த்து எங்க வண்டியிலயே கொண்டு வர்றோம்னாங்க. வேணாம்னுட்டேன். என் அண்ணனைச் சொன்னவங்க தண்ணி எனக்கெதுக்கு?"

வண்டியில் வந்திருக்க வேண்டிய தண்ணீரைத்தான் அவள் சுமந்து மேடேறியிருக்கிறாள். எனக்காக.

"மூடினது நான்தாம்மா," என்றேன். காசு வாங்கவில்லை, உனக்கு முழுசாகத் திறப்பதாக நினைத்து மூடிவிட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் குழாயை மூடினாள். கட்டுப் போட்ட கையை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். நான் குடத்தைத் தூக்கப் போனேன், விடவில்லை. இடது கையாலேயே இடுப்பில் ஏற்றி, தளும்பத் தளும்ப அடுத்த வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்துக் கதவைத் தட்டினாள். அந்த அம்மா கதவைத் திறந்து குடத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"அண்ணா, இங்க வா," என்றாள் தங்கை. "நான் இவங்ககிட்ட பேசி ஒரு மாசமாச்சு. நீயே சொல்லு."

பள்ளத் தெருவில் வீடு வீடாக நுழைந்து கத்தியவன் நான். அந்த வாசலில் குரலை இறக்கி, மூடினது நான்தான் என்றேன்.