சும்மா இருக்கிற வேலை

அன்று மதியம் வீட்டில் இருந்தவர்கள்: அம்மா, அண்ணன், அண்ணி, நான், தபால். தபால் என்பது அண்ணனின் நாய். எதை எறிந்தாலும் ஓடிப்போய்க் கொண்டுவந்து சேர்க்கும் என்பதால் அவன் வைத்த பெயர். அதன் இதயத்துக்குள் கிடந்த புழுக்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவை எத்தனை என்று டாக்டருக்கே தெரியாது.

கொசுக்கடியில் வந்த புழு. நூல் நூலாக இதயத்திலும் நுரையீரலுக்குப் போகும் குழாயிலும் கிடக்கும் என்று டாக்டரம்மா படம் வரைந்து காட்டியிருந்தார். அதைக் கொல்லும் ஊசி எங்கு தேடியும் கிடைக்கவில்லை. அதனால் மாற்று வழி. மாதம் ஒருமுறை பிடரியில் சொட்டு மருந்து, முதல் மாதம் மட்டும் இருவேளை மாத்திரை. மாத்திரை, புழுவுக்குள் குடியிருக்கும் கிருமியைக் கொல்லும். கிருமி போனால் புழு நோஞ்சானாகிவிடும், மிச்சத்தைச் சொட்டு மருந்து மெதுவாக முடிக்கும். ஒரு வருஷமாவது ஆகும். செத்த புழு துண்டு துண்டாக நுரையீரலுக்குப் போகும்; அந்த நேரத்தில் நாய் ஓடினால் அங்கேயே அடைத்துக்கொள்ளும்.

"மருந்து பாதிதான். மீதிப் பாதி, அது சும்மா இருக்கணும். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, குஷியாவே ஆகக் கூடாது. யாரு பாத்துப்பீங்க?" என்றார்.

அண்ணன் என்னைக் காட்டினான். "இவன்தான். நைட் ஷிப்ட்ட விட்டுட்டு வீட்ல சும்மாதானே இருக்கான்."

நாலு வருஷம் கிடங்கில் இரவெல்லாம் நின்றுகொண்டு பெட்டி ஒட்டியவனுக்கு வீட்டில் கிடைத்த பட்டம் அது. சரி, சும்மா இருந்து காட்டுகிறேன் என்று பின்னறையில் உட்கார்ந்தேன். பூனை தெரியாதபடி ஜன்னலில் காகிதம் ஒட்டினேன். அழைப்பு மணியின் கம்பியைப் பிடுங்கிப் போட்டேன். நாயின் கயிற்றை என் கணுக்காலில் கட்டிக்கொண்டேன். நான் அசைந்தால் அது எழுந்துவிடும், அதனால் அசையாமல் இருக்கப் பழகினேன். முதல் மாதம், மசித்த உருளைக்கிழங்குக்குள் மாத்திரையை வைத்துக் கொடுத்தால், கிழங்கைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் என் காலடியில் துப்பும். மறுபடி உருட்டிக் கொடுப்பேன். "ரெண்டும் தண்டச்சோறு" என்று அம்மா வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவாள். ஐந்து மாதம் போனது. ஆரம்பத்தில் தபாலுக்கு இருந்த இருமல் நின்றிருந்தது.

அன்று மதியம் கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு நான் குளிக்கப் போனேன். கால்மணி நேரம்கூட இருக்காது. ஐந்து மாதமாகக் கேட்காத குரைப்பு தெருவிலிருந்து கேட்டது. ஈரத்தோடு பேண்ட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். அண்ணன் பந்தை எறிந்துகொண்டிருந்தான்.

"பாவம்டா. எத்தன நாளைக்குக் கட்டிப் போட்டு வெப்ப? உன் தலையெழுத்து, நீ சும்மா கெடக்குற. அது என்ன பண்ணுச்சு?"

பந்தோடு திரும்பி வந்துகொண்டிருந்த தபால் பாதி வழியில் நின்றது. எதையோ மறந்துவிட்டதுபோல நின்றது. பிறகு இருமியது. கீழே விழுந்த பந்தில் சிவப்பாக நுரை.

கெட்டவனைத் தடுத்துவிடலாம், தான் செய்வது அவனுக்குத் தெரியும். பாவம் பார்க்கிறவனைத் தடுக்கவே முடியாது. அண்ணன் பந்தைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, நாயைக் கார்வரை நடத்திப் போகப் பார்த்தான். அவன் கையைத் தட்டிவிட்டுத் தூக்கினேன். அண்ணி சாவியோடு ஓடிவந்தார். "ஏதோ ஆசையா வெளையாடுச்சேன்னு..." என்று அண்ணன் ஆரம்பித்தான். "வாய மூடிட்டு ஏறுங்க" என்றார் அண்ணி.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நாயின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். "யாரு ஓட விட்டது?"

அண்ணன் என்னைப் பார்த்தான். "இவன் குளிக்கப் போயிட்டான்."

என் கை எழுந்துவிட்டது. நாயின் கயிறு அந்தக் கையில் சுற்றியிருந்ததால் பாதியில் நின்றது. டாக்டரம்மா சொட்டிக்கொண்டிருந்த என் தலையைப் பார்த்தார். "ஏங்க, அவரு குளிக்கிறதுக்கும் நான் சீட்டு எழுதித் தரணுமா?"

கயிற்றைக் கழுத்திலிருந்து கழற்றி என்னிடமே விட்டுவிட்டு அவர் நாயைத் தூக்கினார். தோளுக்கு மேலாகத் தபால் திரும்பிப் பார்த்தது. அண்ணனின் சட்டைப் பையில் பந்து புடைத்துக்கொண்டிருந்தது. வால் மெல்ல ஆடியது.

"அத மறைங்க" என்றார் டாக்டரம்மா.

அண்ணன் பையைக் கையால் பொத்திக்கொண்டான். "ஆனா நல்லா ஓடுச்சுடா" என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி.

டாக்டரம்மா உள்ளே போனார். அவருக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கம் தாழ் விழுந்தது.